ஆறு ஊர்க்காரர்கள், ஒரே மேஜை!

அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன். அங்கே ஒரு சிறிய அறை.

அந்த அறைக்குள் ஒரு பெண்மணி போய் உட்கார்ந்தார். அவருக்கு எதிரே ஒரு டெலிபோன் இருந்தது. அதன் பக்கத்தில் கையகலத் திரை ஒன்று இருந்தது.

நியூயார்க் நகரில் இருந்த ஒரு பெண் விஞ்ஞானியுடன் அவர் பேசினார். குரல் மட்டும் அல்ல, பேசியவரின் முகமும் திரையில் தெரிந்தது!

அந்தப் பெண்மணி, அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான்சனின் மனைவி. அது நடந்தது 1964-ம் ஆண்டு ஜூன் மாதம்.

நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் ஆகிய 3 நகரங்களில் அப்படிப்பட்ட அறைகள் திறக்கப்பட்டன. "ஏ.டி. அண்டு டி." என்ற டெலிபோன் கம்பெனி அவற்றைத் திறந்தது. 3 நிமிடம் பேசக் கட்டணம் 16 டாலர் முதல் 27 டாலர் வரை.

மக்கள் வரிசையில் நிற்பார்கள் என்று கம்பெனி எண்ணியது. ஆனால் வந்தவர்கள் மிகச் சிலர்.

கம்பெனி மனம் தளரவில்லை. 1970-ம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில், அலுவலகங்களுக்கே அந்தக் கருவியைக் கொடுத்தது. மாத வாடகை 160 டாலர். அதுவும் எடுபடவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

உலகமே வியந்த ஒரு கருவி ஏன் தோற்றது?

இன்று ஒரு கம்பெனியின் ஆறு ஊர் அதிகாரிகள் ஒரே நேரத்தில் திரையில் கூடிப் பேசுகிறார்கள். அன்று தோற்றது இன்று எப்படி வென்றது?

அதற்குக் காரணம் திரை அல்ல. காமிராவும் அல்ல. நடுவில், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு பெட்டி!

இருவர் போதாது

படம் தெரியும் டெலிபோன் தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம் விலை. இரண்டாவது காரணம், அந்தக் கருவி எதிரே இருப்பவரிடமும் இருக்க வேண்டும். ஊரில் யாரிடமும் இல்லாத கருவியை ஒருவர் வாங்கி, யாருடன் பேசுவது?

இன்னொரு காரணம் முக்கியமானது. அது இருவர் பேசுவதற்காக ஏற்பட்ட கருவி. வியாபாரத்தில் இருவர் பேசி முடிகிற காரியம் குறைவு.

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகம் ஓர் ஊரில் இருக்கிறது. தொழிற்சாலை வேறு ஊரில். கிடங்கு இன்னொரு ஊரில். விற்பனை மானேஜர் ஓர் ஊரில். என்ஜினீயர் ஓர் ஊரில். சரக்கு வாங்குகிறவர் இன்னும் ஓர் ஊரில்.

சரக்கில் ஒரு குறை தெரிகிறது. லாரிகள் புறப்படத் தயாராக நிற்கின்றன. அனுப்பலாமா, வேண்டாமா?

இதை ஆறு பேரும் சேர்ந்து பேச வேண்டும். ஒருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் மற்றவரிடம் சொன்னால் பொழுது போய்விடும். சொன்னதும் மாறிவிடும். ஆறு பேரும் ரெயில் ஏறி ஓர் ஊரில் கூடுவதற்குள் லாரி போய்ச் சேர்ந்துவிடும்.

கம்பிக் கணக்கு

"ஒவ்வொருவருக்கும் நேராக இணைப்புக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஊருக்கு ஓர் இணைப்பு போதும். 3 ஊருக்கு 3 இணைப்பு. 6 ஊருக்கு 15 இணைப்பு. 10 ஊருக்கு 45 இணைப்பு. 20 ஊர் என்றால் 190 இணைப்பு வேண்டும்!

தொல்லை அதோடு தீராது. 20 பேரில் ஒவ்வொருவரும் தம் படத்தை 19 தடவை அனுப்ப வேண்டும். 19 பேரின் படங்களை வாங்கவும் வேண்டும்.

ரெயில்வேக்காரர்கள் இந்தக் கஷ்டத்தை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒவ்வோர் ஊரில் இருந்தும் மற்ற எல்லா ஊர்களுக்கும் அவர்கள் தனித்தனித் தண்டவாளம் போடவில்லை. நடுவில் ஒரு ஜங்ஷன் கட்டினார்கள். எல்லா வண்டியும் அங்கே வரும். அங்கிருந்து பிரிந்து போகும்.

திரைக் கூட்டத்துக்கும் அதே வழிதான். நடுவில் ஒரு பெட்டி. 6 ஊருக்கு 6 இணைப்பு போதும். 20 ஊருக்கு 20 போதும்.

இந்தப் பெட்டிக்கு என்ஜினீயர்கள் வைத்த பெயர் "எம்.சி.யு." பலமுனைக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது அதன் பொருள். "பாலம்" என்றும் சொல்வார்கள். "நடுப்பெட்டி" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

பார்ப்பதற்கு அதில் ஓர் அழகும் இல்லை. தட்டையான உலோகப் பெட்டி. முன்புறம் சிறு விளக்குகள். உள்ளே சூட்டைத் தணிக்க விசிறிகள். கம்ப்யூட்டர் அறையில் ஒரு சட்டத்தில் செருகி வைத்திருப்பார்கள். கூட்டத்தில் பேசுகிறவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆனால் அது செய்யும் வேலை கொஞ்சம் அல்ல.

தன் குரல் தனக்கு வேண்டாம்

முதல் வேலை குரலைக் கவனிப்பது.

ஆறு ஊர்களில் இருந்தும் ஆறு குரல்கள் வருகின்றன. நடுப்பெட்டி அவற்றை ஒன்றாகக் கலக்கிறது. கலந்ததை அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா?

கூடாது. அனுப்பினால் பேசுகிறவருக்குத் தம் குரலே திரும்பி வந்து கேட்கும். அதுவும் சற்றுத் தாமதமாகக் கேட்கும். நாக்குக் குழறும். பேச்சு நின்றுவிடும்.

ஆகவே பெட்டி ஒரு தந்திரம் செய்கிறது. முதல் ஊருக்கு, மற்ற 5 ஊர்களின் குரல்களை மட்டும் கலந்து அனுப்புகிறது. இரண்டாவது ஊருக்கு, அந்த ஊர் நீங்கலாக மற்ற 5 குரல்கள். இப்படி ஆறு ஊர்களுக்கும் ஆறு விதமான கலவைகள்! ஒவ்வொரு நொடியும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

எங்காவது ஒரு மைக்கில் விசிறிச் சத்தமோ, காகிதம் புரட்டும் சத்தமோ வந்தால், பெட்டி அதைக் குறைக்கவும் செய்யும். கூட்டத்தை நடத்துகிறவர் விரும்பினால் ஒருவருடைய மைக்கை மட்டும் அடைத்துவிடலாம்.

கிணற்றுக் குரல்

குரலுக்கு இன்னோர் எதிரி உண்டு. அது எதிரொலி.

ஓர் ஊரில் ஒருவர் பேசுகிறார். அடுத்த ஊர் அறையில் உள்ள ஒலிபெருக்கியில் அது கேட்கிறது. அதே அறையில் மைக்கும் இருக்கிறது அல்லவா? ஒலிபெருக்கியின் சத்தம் அந்த மைக்குக்குள் புகுந்து, பேசியவரிடமே திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டது போல் இருக்கும்.

இதைப் போக்குவது எப்படி?

ஒலிபெருக்கிக்கு என்ன சத்தம் போயிற்று என்பது கருவிக்குத் தெரியும். அது சுவரில் மோதி எப்படித் திரும்பும் என்று கருவி கணக்கிடுகிறது. மைக்கில் வந்த சத்தத்தில் இருந்து அந்த அளவைக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது, அந்த அறையில் உள்ளவர் பேசிய பேச்சு மட்டுமே.

யாராவது நாற்காலியை நகர்த்தினால், கதவைத் திறந்தால், அறையின் எதிரொலி மாறிவிடும். கருவியும் உடனே தன் கணக்கை மாற்றிக்கொள்ளும்.

நெடுந்தூர டெலிபோனில் எதிரொலியைப் போக்க, 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த முறை உருவாயிற்று. அதில் பெரும்பங்கு மன்மோகன் சோந்தி என்ற இந்தியருடையது. அவர் பஞ்சாபில் பிரோஸ்பூரில் பிறந்தவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் படித்தவர். டெலிபோனுக்காகப் பிறந்த அந்தக் கணக்குத்தான், பிறகு கூட்ட அறைகளுக்கும் வந்தது.

குரலுக்கு ஏன் இவ்வளவு பாடு?

"வேண்டும்", "வேண்டாம்" என்ற இரு சொற்களைப் பாருங்கள். நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. படம் ஒரு கணம் நின்றால் பாதகம் இல்லை. அந்த ஓர் எழுத்துக் காதில் விழாமல் போனால், நிறுத்த வேண்டிய லாரி புறப்பட்டுவிடும்!

பிள்ளை தாயை வாங்கியது

இதை நன்றாக உணர்ந்தவர் பிரையன் ஹின்மன் என்ற அமெரிக்கர்.

1984-ம் ஆண்டு தொடங்கப்பட்ட "பிக்சர்டெல்" என்ற கம்பெனியின் ஸ்தாபகர்களில் அவர் ஒருவர். பெயரிலேயே "படம்" இருக்கிறது. திரைக் கூட்டக் கருவிகள் செய்வதே அதன் தொழில்.

1990-ம் ஆண்டு அவரும் ஜெப்ரி ராட்மன் என்பவரும் சேர்ந்து "பாலிகாம்" என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். படக் கம்பெனியில் இருந்து வந்தவர், புதுக் கம்பெனியில் முதலில் செய்தது என்ன?

படக் கருவி அல்ல. குரல் கருவி!

மூன்று கைகளை நீட்டிய நட்சத்திரம் போன்ற ஒரு டெலிபோன். மேஜையின் நடுவில் வைத்தால், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேசலாம். 1992-ம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. பெரிய கம்பெனிகளின் கூட்ட அறைகளில் எல்லாம் அந்த நட்சத்திரம் இடம் பிடித்தது.

படக் கருவி அதற்குப் பிறகுதான், 1998-ம் ஆண்டு வந்தது. 2001-ம் ஆண்டு பாலிகாம், பிக்சர்டெல் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. பிள்ளை தாயை வாங்கிய கதை!

படத்தைச் சுருக்கு

இனி, படம்.

கம்ப்யூட்டர் எதையும் 0, 1 என்ற இரண்டு எண்களாகத்தான் அனுப்பும். அந்த ஒவ்வொரு துணுக்குக்கும் "பிட்" என்று பெயர்.

ஆரம்ப காலத் திரைக் கூட்டப் படத்தில், குறுக்கே 352 புள்ளிகள் இருந்தன. நெடுக்கே 288 புள்ளிகள். மொத்தம் 1 லட்சத்து 1,376 புள்ளிகள். அசைவது போல் தெரிய, நொடிக்கு 30 படம் அனுப்ப வேண்டும். அப்படியே அனுப்பினால் நொடிக்கு 3½ கோடி பிட்டுக்கு மேல் ஆகும்.

அன்று கம்பெனிகளுக்குக் கிடைத்த டெலிபோன் இணைப்பு ஒன்றில், நொடிக்கு 64 ஆயிரம் பிட்தான் போகும். 6 இணைப்புகளைச் சேர்த்துக் கட்டினாலும் 3 லட்சத்து 84 ஆயிரம்தான்.

அதாவது, ஏறக்குறைய 100 மூட்டை நெல்லை ஒரு மூட்டைக்குள் அடைக்க வேண்டும்!

அதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, மாறியதை மட்டும் அனுப்புவது. பேசுகிறவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவது இல்லை. அதைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? உதடும் கையும் அசைந்ததை மட்டும் அனுப்பினால் போதும்.

இன்னொன்று, சுருக்கமாகச் சொல்வது. படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள் இருக்கும். 64 புள்ளிகளையும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், "இந்தக் கட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நிறம், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்" என்பதுபோலச் சில எண்களில் சொல்லிவிடுவது.

மறுக்கப்பட்ட பணம்

இந்த இரண்டாவது வழியைக் கண்டவர் நசீர் அகமது. பெங்களூரில் 1940-ம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார்.

1972-ம் ஆண்டு, இந்தக் கணக்கை ஆராயப் பண உதவி கேட்டு, அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு அவர் எழுதினார். உதவி மறுக்கப்பட்டது. மனுவைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், "இது மிகவும் எளிதாக இருக்கிறதே!" என்று கருதினாராம்.

அகமது விடவில்லை. பண உதவி இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்தார்கள். ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் பட்டம் பெற்றவர். மூவரின் கட்டுரை 1974-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது.

இன்று செல்போனில் எடுக்கும் போட்டோவிலும், திரைக் கூட்டத்தில் தெரியும் முகத்திலும் அந்த எளிய கணக்கின் வழியே பயன்படுகிறது.

எல்லோருக்கும் ஒரே பாஷை

தொடக்கத்தில் விலை மலைக்க வைத்தது. 1982-ம் ஆண்டு "கம்ப்ரெஷன் லேப்ஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனி விற்ற கருவியின் விலை 2½ லட்சம் டாலர். பேசுவதற்கு இணைப்புச் செலவு மணிக்கு 1,000 டாலர்! 1986-ம் ஆண்டு பிக்சர்டெல் கருவி 80 ஆயிரம் டாலருக்கு வந்தது. இணைப்புச் செலவும் மணிக்கு 100 டாலராகக் குறைந்தது.

விலை குறைந்தும் ஒரு தொல்லை நீடித்தது. ஒவ்வொரு கம்பெனியும் படத்தைத் தன் வழியில் சுருக்கியது. ஒரு கம்பெனியின் கருவி, மற்றக் கம்பெனியின் கருவியுடன் பேசாது. ஒருவர் தமிழிலும் மற்றவர் ஜப்பானிய மொழியிலும் பேசுவது போன்ற நிலை.

1990-ம் ஆண்டு இதற்கு முடிவு பிறந்தது. "எச்.261" என்ற பொது விதியை உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. இப்படித்தான் படத்தைச் சுருக்க வேண்டும் என்று அது சொல்லியது. யார் செய்த கருவியானாலும் ஒன்றோடு ஒன்று பேச வழி ஏற்பட்டது.

1996-ம் ஆண்டு "எச்.323" என்ற விதி வந்தது. அதன் பிறகு தனி டெலிபோன் இணைப்பு வேண்டியது இல்லை. அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கம்பி வலையிலேயே திரைக் கூட்டத்தையும் நடத்த முடிந்தது.

ஆனால் அந்த வலையில் கடிதமும் போகிறது, கணக்கும் போகிறது. கூட்டம் மிகுந்தால் பேச்சு தாமதப்படும். கடிதம் ஒரு நொடி தாமதமாகப் போனால் யாருக்கும் தெரியாது. பேச்சு ஒரு நொடி தாமதமானால் கூட்டம் கெட்டுவிடும். ஆகவே, ஆம்புலன்சு வண்டிக்கு மற்ற வண்டிகள் வழி விடுவது போல, பேச்சுக்கும் படத்துக்கும் வழி விடும்படி வலையைப் பழக்கினார்கள்.

பெட்டியின் திறமைகள்

நடுப்பெட்டி செய்யக்கூடிய மற்ற வேலைகள் இவை.

ஆறு ஊர்களின் படங்களையும் கட்டம் கட்டமாக அடுக்கி, ஒரே திரையில் காட்டும். அல்லது, பேசுகிறவரை மட்டும் பெரிதாகவும் மற்றவர்களைச் சிறிதாகவும் காட்டும். யார் பேசுகிறார் என்று குரலை வைத்தே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒருவருக்கு வேகமான இணைப்பு இருக்கும். இன்னொருவருக்கு மெதுவான இணைப்பு இருக்கும். மெதுவானவருக்காக எல்லோருடைய படத்தையும் கெடுக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் இணைப்பு தாங்கும் அளவுக்குத் தனித்தனியாகப் படம் தயாரித்து அனுப்பும்.

திரையே இல்லாதவர் சாதாரண டெலிபோனில் கூப்பிட்டாலும் சேர்த்துக்கொள்ளும். அவர் படம் தெரியாது, குரல் கேட்கும்.

கணக்குத் தாளையோ, எந்திரத்தின் வரைபடத்தையோ காட்ட வேண்டுமா? முகம் ஒரு திரையிலும், தாள் மற்றொரு திரையிலும் தெரியும்படி இரண்டு படங்களை ஒன்றாக அனுப்பும்.

பேச்சைப் பூட்டியும் அனுப்பும். எண்களைக் கலைத்துப் போட்டு அனுப்புவதால், வழியில் திருடிக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. கூட்டத்துக்குள் நுழைய ரகசிய எண் உண்டு. எண் தெரியாதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆளளவு உருவம்

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திக் கட்டிடங்கள் மீது மோதினார்கள். அதன் பிறகு விமானப் பயணம் பெரும்பாடு ஆயிற்று.

"டிரீம்வொர்க்ஸ்" என்ற சினிமாக் கம்பெனி கார்ட்டூன் படங்கள் எடுத்துவந்தது. அதன் கலைஞர்கள் கலிபோர்னியாவில், கிளெண்டேல், ரெட்வுட் சிட்டி என்ற இரண்டு ஊர்களில் இருந்தார்கள். ஒரு கதாபாத்திரம் புருவத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைக்கூட அவர்கள் பேசி முடிவு செய்தாக வேண்டும். டெலிபோனில் அது நடக்குமா?

அந்தக் கம்பெனியும், கம்ப்யூட்டர் செய்யும் "எச்.பி." கம்பெனியும் சேர்ந்து ஓர் அறையை அமைத்தன. அரை வட்ட மேஜை. எதிரே பெரிய திரைகள். அடுத்த ஊரில் இருப்பவர், மேஜைக்கு அந்தப் பக்கம் ஆளளவில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவார்!

2005-ம் ஆண்டு டிசம்பரில் அந்த அறை "ஹாலோ" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஓர் அறையின் விலை 5½ லட்சம் டாலர். மாதச் செலவு 18 ஆயிரம் டாலர். ஓர் அறையை மட்டும் வாங்கிப் பயன் இல்லை. இரண்டாவது வேண்டும்!

அடுத்த ஆண்டு "சிஸ்கோ" கம்பெனியும் 3 பெரிய திரைகள் கொண்ட அறையை விற்றது. அதன் விலை 2 லட்சத்து 99 ஆயிரம் டாலர். பெரும் பணக்காரக் கம்பெனிகளே இவற்றை வாங்க முடிந்தது.

பிறகு எச்.பி. கம்பெனி, 2011-ம் ஆண்டு இந்தத் தொழிலைப் பாலிகாமுக்கு விற்றுவிட்டது. விற்றவருக்கே அது திரும்பியதுதான் வேடிக்கை. பாலிகாம் கைமாறி, "பாலி" என்று பெயர் மாறி, 2022-ம் ஆண்டு எச்.பி.யிடமே வந்து சேர்ந்தது!

கால் நொடி

பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் உண்டு. அது நேரம்.

டெலிவிஷனுக்குப் பயன்படும் செயற்கைக் கோள், பூமிக்கு மேல் சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வழியே ஒரு சொல் போய்ச் சேரக் கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி.

அரை நொடிதானே என்று எண்ணலாம். பேச்சில் அரை நொடி பெரியது. "சரிதானே?" என்று ஒருவர் கேட்கிறார். பதில் வரவில்லை. தயங்குகிறார் என்று நினைத்து மறுபடியும் பேசத் தொடங்குகிறார். அதற்குள் பதில் வருகிறது. இருவர் பேச்சும் மோதுகிறது.

ஒரு சொல் போய்ச்சேர, ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கி அதில் 150 பங்குக்கு மேல் ஆகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது நிபுணர்களின் கணக்கு. கடலுக்கு அடியில் செல்லும் கண்ணாடி இழைக் கம்பிகள் இதற்கு உதவுகின்றன. நடுப்பெட்டியும் படத்தை விரித்து, அடுக்கி, மறுபடி சுருக்க நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தையும் குறைத்தாக வேண்டும்.

திரையில் சாட்சி

வியாபாரத்துக்காகப் பிறந்த கருவி, நியாய ஸ்தலத்துக்கும் வந்தது.

மராட்டிய மாநிலத்தில் ஒரு வழக்கு. ஒரு நோயாளிக்கு நடந்த சிகிச்சை பற்றியது. முக்கியமான சாட்சி, அமெரிக்காவில் இருந்த ஒரு டாக்டர். சாட்சி சொல்ல அவர் தயார். இந்தியாவுக்கு வர மட்டும் விரும்பவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவரின் "முன்னிலையில்" சாட்சியம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். திரையில் தெரிந்தால் அது முன்னிலை ஆகுமா?

"ஆகும்" என்று 2003-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. திரையில் பார்த்து, கேட்டு, குறுக்கு விசாரணை செய்ய முடியும்போது, அதுவும் முன்னிலையே என்பது தீர்ப்பின் கருத்து.

அங்கேயும் ஒரு சொல் காதில் விழாமல் போனால் என்ன ஆகும்? வியாபாரத்தில் லாரி போகும். வழக்கில் ஒருவருடைய விடுதலையே போகலாம்.

பெட்டி எங்கே?

2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியது. அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டே திரையில் நடந்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தைச் செல்போனில் பார்த்து அட்சதை போட்டவர்களும் உண்டு.

"ஜூம்" என்ற கம்பெனியின் கூட்டங்களில், 2019-ம் ஆண்டு இறுதியில் ஒரு நாளில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 1 கோடி. 2020-ம் ஆண்டு ஏப்ரலில் அது 30 கோடியைத் தாண்டியது. ஒரே ஆள் பல கூட்டங்களில் சேர்ந்ததும் இதில் அடங்கும்.

அப்படியானால் நடுப்பெட்டி என்ன ஆயிற்று? மறைந்துவிட்டதா?

மறையவில்லை, இடம் மாறியது. ஒவ்வொரு கம்பெனியின் அறையிலும் தனித்தனியாக இருந்த பெட்டியின் வேலையை, இப்போது பெரும்பாலும் இண்டர்நெட் கம்பெனிகளின் பிரமாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் செய்கின்றன.

வேலை செய்யும் முறையும் மாறியது. பழைய பெட்டி கல்யாண வீட்டுச் சமையல்காரர் போன்றது. எல்லாவற்றையும் தானே சமைத்து, ஒவ்வொருவர் இலையிலும் பரிமாறியது. புதிய முறை மளிகைக் கடைக்காரர் போன்றது. ஒவ்வொருவர் படத்தையும் பொட்டலமாக அப்படியே அனுப்பிவிடும். அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரோ செல்போனோ அதைச் சமைத்துக்கொள்ள வேண்டும். அதனால் நேரமும் மிச்சம், செலவும் மிச்சம். வீடு தோறும் நல்ல கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டதால் இது முடிந்தது.

வாங்குவோர் கவனிக்க

பல கிளைகள் உள்ள கம்பெனிகள் இன்றும் கூட்ட அறைக்குக் கருவிகள் வாங்குகின்றன. சுவரில் பெரிய திரை, பேசுகிறவர் பக்கம் தானே திரும்பும் காமிரா, மேஜையில் மைக்.

முதலில் பெரிய திரையின் மேல்தான் ஆசை போகும். அனுபவசாலிகள் சொல்வது வேறு. முதலில் நல்ல மைக்கும், எதிரொலி நீக்கும் கருவியும் வாங்க வேண்டும். அறையில் கனத்த திரைச்சீலையும் தரை விரிப்பும் போட்டால் எதிரொலி குறையும். அடுத்ததாக, தடை இல்லாத இணைப்பு. பிறகு, முகத்தில் விழும்படி வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எந்தக் காமிராவிலும் முகம் கறுப்பாகத்தான் தெரியும். கடைசியில்தான் திரையின் அளவு.

1964-ம் ஆண்டு வாஷிங்டன் அறையில் தெரிந்தது ஒரே ஒரு முகம். இன்று ஒரு திரையில் 25 முகங்கள் தெரிகின்றன.

ஆனால் திரைக் கூட்டம் தொடங்கியதும் ஒருவர் முதலில் கேட்பது என்ன என்று கவனித்துப் பாருங்கள்.

"என் முகம் தெரிகிறதா?" என்று அவர் கேட்பது இல்லை.

"நான் பேசுவது கேட்கிறதா?" என்றுதான் கேட்கிறார்!